பனை இல்லாத மரங்கள்: நவோகோ மட்சுபாராவின் மரஅச்சுகள்

நவோகோ மட்சுபாராவின் மரஅச்சு ஓவியங்களை நான் முதலில் பார்த்தது 2003இல், றோயல் ஒன்ராறியோ மியூசியத்தில், தற்செயலாக. மேற்படிப்புக்கென்று கனடா வந்து அப்போது இரண்டு வருடம். ஊரிலிருந்து வந்திருந்த மாமாவுக்கு டைனோசர் எலும்புக்கூடு காட்டக் கூட்டிக்கொண்டு போனவன், அவருக்குக் கால் வலிக்கிறது என்று ஆளில்லாத ஒரு கூடத்துக்குள் நுழைந்தேன். கண்காட்சியின் பெயர் 'ட்றீ ஸ்பிரிட்'. மரத்தின் ஆன்மா என்று சொல்லலாம். சுவர்களில் கறுப்பு வெள்ளை மரங்கள். மாமா தச்சுவேலை தெரிந்தவர். ஒரு படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, "மரத்தை அரிஞ்சு பலகையாக்கி, அந்தப் பலகையிலை திரும்ப மரத்தைச் செதுக்கி வைச்சிருக்கிறா. உளி போன வழியை ஒரு இடத்திலையும் மறைக்கேல்லை, பாத்தனியே?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வேறொரு ஏமாற்றம் இருந்தது. யப்பானியர், அதுவும் மரஅச்சுக் கலைஞர் என்றதும் ஃபுஜி மலையையும் குடை பிடித்த பெண்களையும் செரிப் பூக்களையும் எதிர்பார்த்து நின்றவன் நான். அங்கே இருந்தவை எந்த ஊர் மரங்கள் என்றே சொல்லமுடியாத மரங்கள். அந்த ஏமாற்றம் பிழையானது என்று விளங்க எனக்குக் கிட்டத்தட்ட இருபது வருடம் எடுத்தது. இடையில் இதே மாதிரியான இதழ்களில் சில கவிதைகளும் எழுதியிருக்கிறேன். அவற்றுக்கும் இந்த ஏமாற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மட்சுபாரா 1937இல் யப்பானின் சிக்கோக்கு தீவில் பிறந்து கியோட்டோவில் வளர்ந்தவர். தந்தை ஷிண்டோ மதகுரு. கியோட்டோவின் வடக்கே, ஃபுனஓக்கா என்ற சிறு குன்றிலுள்ள கென்குன் ஆலயத்தில் கடமையாற்றியவர். மரங்களுக்கு நடுவே ஓர் ஆலயம், அதன் வளவுக்குள் குழந்தைப்பருவம். கியோட்டோவில் நுண்கலை படித்து 1960இல் பட்டம். பிறகு ஃபுல்பிறைற் புலமைப்பரிசிலில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரம். அங்கே கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தில் 1962இல் முதுகலை. லண்டனில் றோயல் கொலிஜ் ஒஃப் ஆர்ட்டில் கொஞ்சக் காலம். யப்பான் திரும்பி, மறுபடி அமெரிக்கா. நியூயோர்க்கில் பிறற் கல்லூரியில் கற்பித்தல், மசாசூசெற்ஸின் கேம்பிறிட்ஜில் வாசம். 1972இல் கனடா. கணவர் டேவிட் வோட்டர்ஹவுஸ் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கிழக்காசியவியல் பேராசிரியராக இருந்தவர். குடும்பம் ஓக்வில்லில் குடியேறியது. லேக்ஷோர் மேற்கு கோ ரயிலில் வேலைக்குப் போய்வருகிற நம்மில் பலர் ஓக்வில்லைத் தினமும் கடக்கிறோம். அதுதான் அவருடைய பட்டறை இருக்கும் ஊர்.

இவர் என்ன செய்தார் என்று விளங்க, அவருக்கு முன்னால் யப்பானில் இருந்ததைச் சொல்லவேண்டும். உக்கியோ-எ என்று உலகம் கொண்டாடும் பழைய அச்சுகளை எந்தத் தனி மனிதரும் செய்ததில்லை. பதிப்பாளர் முதல் போட்டார். ஓவியர் மெல்லிய தாளில் கோடு வரைந்து கொடுத்தார். செதுக்குபவர் அந்தத் தாளைச் செரிமரப் பலகையில் குப்புற ஒட்டி, கோட்டை விட்டு மற்றதை வெட்டி எடுத்தார். அச்சிடுபவர் நிறத்துக்கொரு பலகை என்று மை பூசி, பலகையின் மூலையில் வெட்டிய கெந்தோ என்ற அடையாளத்தில் தாளைப் பொருத்தி, மூங்கில் மடல் போர்த்த பரென் என்ற வட்டத் தட்டால் தாளின் முதுகில் தேய்த்தார். 1831 அளவில் வந்த ஹொக்குசாயின் பேரலையில் ஹொக்குசாயின் உளி படவில்லை. தகவல் தொழில்நுட்பத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரொறன்ரோவில் ஒருவர் வரைபடம் போட, சென்னையில் இன்னொருவர் நிரல் எழுத, மணிலாவில் மூன்றாமவர் சோதிக்க, கடைசியில் ஏதோ ஒரு வங்கியின் பெயர் மேலே வரும்.

1904இல் யமமொட்டோ கனாயே என்ற இளைஞர் ஒரு மீனவரைத் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட்டார். சிறிய படம்தான். ஆனால் அதிலிருந்து சொசாக்கு-ஹங்கா, அதாவது படைப்பு அச்சு, என்ற இயக்கம் கிளம்பியது. முதலிலிருந்து முடிவு வரை ஒரே கை என்பதுதான் அதன் ஒரே விதி. அந்த வழியில் வந்தவர் ஷிக்கோ முனகாட்டா. கொல்லர் மகன், கண்பார்வை மிகக் குறைந்தவர், பலகையில் மூக்கு உரசுமளவுக்குக் குனிந்து வெறிபிடித்தவர்போல் வெட்டுபவர். 1956இல் வெனிஸ் இருபதாண்டு... இல்லை, ஈராண்டுக் கண்காட்சியில் அச்சுக்கலைக்கான பெரும்பரிசு பெற்றார். மட்சுபாராவின் உளியில் முனகாட்டாவின் வேகம் இருக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் முனகாட்டாவின் பொருள்கள் புத்தரின் சீடர்களும் தேவதைகளும். மட்சுபாரா அந்த வேகத்தை எடுத்துக்கொண்டு புத்தரை விட்டுவிட்டார்.

இங்கே கனடாக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. யப்பானிய மரஅச்சு இந்த நாட்டுக்கு மட்சுபாராவோடு வந்ததல்ல. ஆர்க்டிக்கின் கேப் டோர்செற்றில், இன்று கின்னைற் என்று அழைக்கப்படும் ஊரில், இனுவிற் மக்களோடு வேலைசெய்த ஜேம்ஸ் ஹியூஸ்ரன் 1958இல் யப்பான் போய் உனிச்சி ஹிரட்சுக்காவிடம் படித்தார். முனகாட்டாவுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் ஹிரட்சுக்காதான். ஹியூஸ்ரன் திரும்பிவந்த பிறகு, 1959இல் கேப் டோர்செற்றின் முதல் அச்சுத் தொகுதி வெளிவந்தது. அங்கே மரம் இல்லை. அதனால் கல்லில் வெட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரே கை என்ற கொள்கைக்காரரிடம் படித்துவிட்டு வந்த ஹியூஸ்ரன் ஆர்க்டிக்கில் நிறுவியது பழைய உக்கியோ-எ முறையை. வரைபவர் ஒருவர், வெட்டுபவர் இன்னொருவர், அச்சிடுபவர் வேறொருவர். 1970இல் கனடாத் தபால்தலையில் வந்த கெனோஜுவாக் அஷெவாக்கின் மந்திர ஆந்தை அப்படி உருவானதுதான். அந்த ஆந்தையில் யப்பான் இருக்கிறது என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்லட்டும் பார்க்கலாம். கருவியும் முறையும் கடல் தாண்டின, படம் தாண்டவில்லை. ஹிரட்சுக்காவே 1962இல் வொஷிங்ரனுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். அந்த நகரத்தின் கட்டடங்களைச் செதுக்கினார். 1994இல் யப்பான் திரும்பி, 1997இல் 102 வயதில் இறந்தார்.

மட்சுபாராவின் புத்தகங்களை வந்த வரிசையில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 1967இல் 'நன்ரக்கெற் வூட்கட்ஸ்'. மசாசூசெற்ஸ் கரைக்கு அப்பால், ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் புறப்பட்ட தீவு. 1970இல் 'பொஸ்ரன் இம்பிறெஷன்ஸ்'. 1971இல் 'சொலிற்றியூட்', தோரோவின் 'வால்டன்' நூலின் தனிமை என்ற அத்தியாயத்துக்குச் செய்த தொகுதி. 1978இல்தான் 'கியோட்டோ வூட்கட்ஸ்'. அப்போது அவர் ஓக்வில்லுக்கு வந்தே ஆறு வருடமாகிவிட்டது. வளர்ந்த ஊரைப் பற்றிய புத்தகம் நான்காவதாக வருகிறது. அதற்கு முன் வந்த மூன்றும் அவர் போய்ச்சேர்ந்த இடங்களைப் பற்றியவை.

நம்மில் யார் இப்படி எழுதியிருக்கிறோம்? ரொறன்ரோவுக்கு வந்து முப்பது வருடமான எழுத்தாளரின் முதல் நூல் ஊரைப் பற்றியது, இரண்டாவது ஊரைப் பற்றியது, மூன்றாவதில் ஒரு கதையில் பனி பெய்கிறது. அந்தப் பனியும் ஊர் மழையை நினைக்க வைப்பதற்காகத்தான் பெய்யும். நம் இதழ்களின் அட்டைகளைப் பாருங்கள், இந்த இதழையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பனை, கிணற்றடி, துலா, படலை. போரில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர் படலையை வரைந்தால் அதில் கை வைக்க எவருக்கும் உரிமை இல்லை. த. சனாதனனின் 'முடிவுறாத் தோம்பு' 2011இல் வந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தவற்றின்மேல் எழுந்த நூல் அது. கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று நடுங்கும் கோடுகள். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரை அதற்கு வைத்ததில் இருக்கும் கூர்மையைத் தமிழ் வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த நூலுக்கு வேறு பொருள் இருக்க முடியாது. வீடு பறிபோயிருந்தது.

ஆனால் நான் அப்படி வந்தவனல்ல. பேராதனையில் படித்துவிட்டு மாணவர் விசாவில், விமானத்தில் சன்னலோர இருக்கையில் வந்தவன். எங்கள் வீடு இன்றும் நிற்கிறது. சின்னம்மா இருக்கிறார், போன வருடம் ஓடு மாற்றினார். ஆனாலும் நான் எழுதிய கவிதைகளில் வீடு இடிந்து கிடந்தது. அது பக்கத்து வீடு. வாசித்தவர்கள் என் வீடு என்று நினைத்துக் கண்கலங்கினார்கள், நான் திருத்தவில்லை. ஒருமுறை ஸ்காபரோவில் ஒரு கூட்டம் முடிந்து வெளியே வருகையில், வன்னியிலிருந்து 2009க்குப் பிறகு வந்த ஓர் அக்கா என் கையைப் பிடித்து, "தம்பி, உங்கடை வீடும் போச்சுதோ?" என்று கேட்டார். ஓமென்றும் இல்லையென்றும் சொல்லாமல் ஏதோ முனகிவிட்டு வாகனத்தில் ஏறினேன். அதற்குப் பிறகு கவிதை எழுதவில்லை.

மட்சுபாராவை மறுபடி தேடிப் போனது அந்தக் காலத்தில். அவரும் புலமைப்பரிசிலில் வந்தவர். அவர் வளர்ந்த கியோட்டோ, மற்ற யப்பானிய நகரங்களைப்போல் குண்டுவீச்சில் எரிந்துபோன நகரமல்ல. நினைத்தபோது திரும்பிப் போகக்கூடிய ஊர். அப்படிப்பட்டவர் இழக்காத ஊரை இழந்ததாகச் செதுக்கவில்லை என்பது எனக்கு ஒரு குட்டுப்போலப் பட்டது. இதற்கு மறுப்புச் சொல்லலாம்: திரும்பிப் போகக் கூடியவருக்கு ஏக்கம் எதற்கு, விடுதலை எளிதுதானே என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன், அவர் உதவியாளராக வேலைசெய்த ஃபிறிற்ஸ் ஐஹென்பெர்க்கைப் பற்றி வாசிக்கும்வரை. ஐஹென்பெர்க் ஜேர்மனியின் கேல்ன் நகரத்து யூதர். 1933இல் ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா வந்தவர். உண்மையான ஏதிலி. பலகையின் குறுக்குவெட்டு முகத்தில் நுண்ணிய கோடுகளாகக் கீறும் மரச்செதுக்கில் தேர்ந்தவர். அவர் புகழ்பெற்றது கேல்ன் நகரத்தைச் செதுக்கியதால் அல்ல. தஸ்தயேவ்ஸ்கி நாவல்களுக்கான படங்களாலும், நியூயோர்க்கில் இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஏழைகளுக்கு நடுவே யேசுவை நிறுத்திய படத்தாலும். ஓடிவந்தவரின் கை முன்னால் நிற்கும் வரிசையைத்தான் வெட்டியது. பசித்து நிற்பவர்களை அவருக்குத் தெரிந்திருக்கும்.

இனிப் படங்கள். மரஅச்சில் வெட்டி எடுத்த இடம் தாளில் வெள்ளையாக வரும், தொடாமல் விட்ட இடம் கறுப்பாக வரும். பென்சிலால் வரைபவர் கறுப்பைச் சேர்க்கிறார். உளியால் வரைபவர் வெள்ளையை எடுத்துக்கொண்டே போகிறார். ஒரு வெட்டு கூடிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. எங்கள் வேலையில் இருக்கிற அந்த 'அண்டூ' பொத்தான் இங்கே கிடையாது. மட்சுபாராவின் கறுப்பு வெள்ளை மரங்களில் இந்த ஆபத்தைப் பார்க்கலாம். பட்டையின் வெடிப்பு, கிளை பிரியும் முழங்கால், இலைக் கூட்டத்துக்குள் வெளிச்சம் நுழையும் ஓட்டைகள், எல்லாம் ஒரே வகையான குறுகிய, வேகமான வெட்டுகளால் ஆனவை. அருகில் போனால் மரம் கலைந்து உளித்தடம் மட்டும் மிஞ்சும். நாலடி பின்னால் வந்தால் மரம் திரும்ப எழுந்து நிற்கும். மாமா அன்றைக்குச் சொன்னது இதைத்தான். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் இருக்கும் கரிய தடித்த கோட்டுப் படங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தக் கறுப்பு அந்நியமாகவும் இருக்காது.

அந்த மரங்களில் ஷிண்டோவைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். மதகுருவின் மகள், ஆலய வளவு, மரத்தில் உறையும் தெய்வம். கண்காட்சியின் தலைப்பே அந்த வழியைக் காட்டிவிடுகிறது. நான் முழுக்க மறுக்கமாட்டேன். பால்குடியோடு வந்தது எங்கும் போகாது. ஆனால் யப்பானியர் ஒருவர் மரத்தை வெட்டினால் அதில் தெய்வமும், தமிழர் ஒருவர் கதை எழுதினால் அதில் கறிவேப்பிலை வாசமும் இருந்தே ஆகவேண்டும் என்கிற வாசிப்பின்மேல் எனக்குச் சலிப்பு உண்டு. 'சொலிற்றியூட்' தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் தங்கள் மண்ணின் மனிதர் என்று நினைக்கும் தோரோவை, கியோட்டோவிலிருந்து வந்த ஒரு பெண், வால்டன் குளத்துக்கு அதிக தூரமில்லாத கேம்பிறிட்ஜில் இருந்துகொண்டு செதுக்குகிறார். தோரோவோ அந்தக் குளத்தருகே இருந்து பகவத்கீதை படித்தவர். இதில் எது யப்பான், எது அமெரிக்கா, எது இந்தியா என்று கணக்குப் பிரிக்கப் போனால் அந்தத் தாளில் இருக்கும் இருட்டையும் நீரையும் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று இல்லை. பின்னாளில் அவர் வண்ணத்துக்கும், உருவம் கரைந்த வடிவங்களுக்கும் போனார். திபெத்துப் பயணத்துக்குப் பிந்திய படைப்புகள் சிலவற்றில் நிறம் எகிறிக் குதிக்கிறது. பார்க்க மகிழ்ச்சி. ஆனால் கறுப்பில் இருந்த அந்த ஆபத்து இல்லை. நிறம் பிழையைப் பூசி மறைக்கும். சில இடங்களில் நல்ல சேலைக் கரையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறேன். பொஸ்ரன் தொகுதியிலும் புகழ்பெற்ற கட்டடங்கள் சில, வந்து இறங்கியவர் சுற்றிப் பார்த்த குறிப்புகளாகவே எனக்குப் படுகின்றன. மரங்களையும் கைகளையும் தொடும்போது அவர் வேறொருவர். 'இன் பிறெய்ஸ் ஒஃப் ஹான்ட்ஸ்' என்று 2020இல் ஒக்ஸ்ஃபோர்ட்டின் அஷ்மோலியன் மியூசியம் ஒரு நூல் வெளியிட்டது. மட்சுபாராவின் கைகள், பென்னி பொக்ஸோலின் கவிதைகள். வாழ்நாள் முழுக்க உளி பிடித்த கை, கைகளையே செதுக்குகிறது. எண்பதைத் தாண்டியவரின் நூல் அது. அந்தக் கைகளுக்கு எந்த ஊரும் எழுதியிருக்கவில்லை.

கியோட்டோவிலிருந்து அவர் கொண்டுவந்தது என்ன என்று கேட்டால், நான் பரென் தட்டைக் காட்டுவேன். தாளின் முதுகில் எங்கே அழுத்த வேண்டும், எங்கே விடவேண்டும் என்று உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கும் அறிவு. கோசோ என்ற முசுக்கட்டை இனத்துப் பட்டையில் செய்த தாள் எவ்வளவு ஈரத்தில் மையை உறிஞ்சும் என்ற அறிவு. இவற்றைச் சுங்கத்தில் காட்டவேண்டியதில்லை. நம்மிடம் இதற்கு ஈடானது மொழிதான் என்று நினைக்கிறேன். வாக்கியத்தை எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பது. அந்தத் தமிழால் டொன் பள்ளத்தாக்கில் ஏப்ரல் மாதம் பனி உருகிச் சேறாவதை, எந்த மழையையும் நினைக்காமல், ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். நான்கு தரம் எழுதியும் வரவில்லை. சேற்றுக்குள் வயல் வந்து நின்றுவிடுகிறது.

போன மாசி மாதம் மகளுக்குப் பள்ளியில் லினோ அச்சுப் பாடம். பத்தாம் வகுப்பு. சமையலறை மேசையில் பழைய பத்திரிகை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் நிற்கும் மேப்பிள் மரம். மின்னல் விழுந்து ஒரு பக்கம் கருகியது. நூலகத்திலிருந்து எடுத்துவந்த மட்சுபாரா நூல் பக்கத்தில் திறந்து கிடந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"பனை ஒண்டு வெட்டியிருக்கலாமே பிள்ளை. ரீச்சருக்கும் புதுசா இருந்திருக்கும்."

அவள் நிமிரவில்லை. "பனையை ரெண்டு தரம்தானே அப்பா பாத்தனான், சின்னம்மா வீட்டை போனநேரம். வெட்டுற அளவுக்குத் தெரியாது."

ஏழு பிரதி எடுத்தாள். பரென் இல்லை, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தாள். எனக்குத் தந்ததில் கீழே பென்சிலால் 3/7 என்று போட்டிருக்கிறது. கருகிய பக்கத்தில் மை சரியாகப் பிடிக்கவில்லை. ஆறாவது பிரதிதான் நல்லது என்கிறாள், அதை ரீச்சர் வைத்துக்கொண்டுவிட்டார்.